மிச்சமிருந்த மாத்திரைகள்

வைகை அணையைப் பார்க்கப் போகிறவர்கள் அணையைத்தான் பார்க்க வேண்டும். நாமோ, பொரித்த மீனின் வாசனை எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவண்ணம் பூங்காவின் படிகளில் இறங்கினோம். படியில் பாசி படிந்திருந்தது. அடுத்த கணத்தில் நாம் கீழே இருந்தோம்; நம் மூக்குக் கண்ணாடி மேலே இருந்தது. எழுந்து பார்த்தபோது வேட்டியில் ஒரு முழக் கிழிசல். வலது கணுக்காலுக்கு மேலே இரண்டங்குலக் கிழிசல். வேட்டி புதியது, கால் பழையது. ஆகையால் அச்சமயம் வேட்டியைப் பற்றியே அதிகமாக வருந்தினோம். ஒரு வாரத்துக்குள் இந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும்படி நேர்ந்தது.

ஆண்டிபட்டியில் உள்ள தமக்கையார் வீட்டில் சில நாள் தங்கி இளைப்பாறலாம் என்று நாம் வந்திருந்தோம். விழுந்த அன்றே ஒரு டாக்டர் காயத்தைக் கழுவித் தைத்து, ஓர் ஊசியும் போட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று; ஆகப் பத்து. "பத்தையும் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும்" என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். நம் காது அப்போது பஸ் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் வலி நின்றது. வலி நின்ற பிறகும் மாத்திரை விழுங்குவது, மழை விட்ட பிறகும் குடை பிடிப்பது போலாகும் என்று நமக்குத் தோன்றியது. தவிரவும், அந்த மாத்திரை "சூடு" என்பது தமக்கையார் வீட்டில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம். வயிறும் இரண்டு தடவை கலங்கிற்று. ஆறு மாத்திரையோடு நிறுத்தினோம். மிச்சம் நான்கு. காசு கொடுத்து வாங்கிய பொருளை வீணாக்குவதற்கு மனம் வருமா? தமக்கையாரின் பேரன், எட்டு வயதுப் பையன், அப்போது ஜலதோஷத்தால் தும்மிக்கொண்டிருந்தான். "நல்ல மருந்து, ஒரே நாளில் கேட்கும்" என்று சொல்லி, இரண்டு மாத்திரையைப் பாதிபாதியாக ஒடித்துக் கொடுத்தோம். மற்ற இரண்டும் மேஜை இழுப்பறைக்குள், பழைய சாவிகளுக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தன.

ஏழாம் நாள் நமக்குக் குளிர் ஜுரம் கண்டது. கால் தூண் போல வீங்கிச் சிவந்தது. மறுநாள் காலையில் நாம் அந்தப் பிரதேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில், எட்டுக் கட்டில்கள் போட்ட ஒரு வார்டில், மணிக்கட்டில் ஊசிக்குழாயுடன் படுத்திருந்தோம்.

நேயர்களே! எட்டுக் கட்டில் உள்ள வார்டில் எட்டு நோயாளிகள் இருப்பதாக வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. எட்டு வைத்தியர்கள் இருக்கிறார்கள். டாக்டர்கள் காலையில் வந்து போன பிறகு, அந்த வார்டில் ஒரு மகாசபை கூடும். கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைப் பற்றி, அதாவது ஆன்டிபயாடிக் என்று இப்போது பெட்டிக்கடை வரையில் பிரசித்தமாகிவிட்ட மருந்துகளைப் பற்றி, அந்தச் சபையில் நாம் கேட்ட அபிப்பிராயங்களைத் தனிப் புத்தகமாகவே போடலாம்.

சக்கம்பட்டியிலிருந்து வந்திருந்த நெசவாளி ஒருவர், நெஞ்சுச் சளியோடு மூன்றாம் கட்டிலில் இருந்தார். மாத்திரையில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. "மாத்திரை வயித்துக்குள்ள போயி எப்பக் கரைஞ்சு, எப்ப நெஞ்சுக்கு ஏர்றது? ஊசின்னா நேரா ரத்தத்துல போயிரும்ல?" என்றார். ஊசி போடாமல் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுக்கும் டாக்டரை அவர் இரண்டாந்தரம் பார்ப்பதில்லையாம். சில டாக்டர்கள் வேண்டாத ஊசியைப் போடுவதற்குக் காரணம் இப்போது நமக்கு ஒருவாறு விளங்கிற்று.

ஐந்தாம் கட்டில், போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் ஓர் இளைஞன். அவனுக்கு வந்திருந்தது உண்ணிக் காய்ச்சல். புதர்களில் உள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி கடித்து, கடித்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டி, பிறகு ஜுரமாய்க் கொளுத்தும் வியாதி அது. அக்குளில் இருந்த அந்தக் கறுப்புப் பொருக்கை டாக்டர் கண்டுபிடித்த உடனே டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்து ஆரம்பமாயிற்று. இரண்டு நாளில் ஜுரம் இறங்கியது. ஆனால் பையன் ஓர் இரவு, படுத்தபடியே ஒரு மடக்குத் தண்ணீரில் அதை விழுங்கிவிட்டான். நெஞ்சுக்குள்ளே தீ வைத்தது போல் எரிந்ததாம். "இது மருந்தில்லை, விஷம்" என்று தீர்மானித்து, மறுவேளை மாத்திரையைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவிட்டான். உட்கார்ந்துகொண்டு ஒரு பெரிய தம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை யாராவது அவனிடம் சொல்லியிருந்தால், இந்த விபரீதம் நேர்ந்திராது. ஜுரம் இறங்கியது வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தான் தீச்சட்டி நேர்ந்துகொண்டதனால்தான் என்று அவன் தாயார் சொன்னாள். இருவரும் சேர்ந்து காப்பாற்றியிருக்கலாம், நமக்கு ஆட்சேபமில்லை. ஒளித்து வைத்த மாத்திரையை எடுத்து அவன் கையில் கொடுத்துச் சாப்பிடச் சொன்னதும் அந்தத் தாயார்தான்.

அந்த மருந்தின் வம்சாவளியைக் கேட்டால் நேயர்களுக்குப் பெருமையாக இருக்கும். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தி மகானின் சொல்லைக் கேட்டுக் கதர் உடுத்தியதால் அவருடைய ஆங்கிலேயப் பேராசிரியர் கோபங்கொண்டு, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு அனுப்பினார் என்று சுப்பாராவின் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் அமெரிக்கா சென்று, லெடர்லி ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைவரானார். அவருடைய தலைமையில் வேலை செய்த டக்கர் என்பவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த ஆரியோமைசின் 1948-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. டாக்ஸிசைக்ளின் அதன் இளைய தலைமுறை. சுப்பாராவ் அதே ஆண்டில் காலமானார். போடி இளைஞன் தலையணைக்கு அடியில் ஒளித்தது அந்த மனிதரின் உழைப்பைத்தான்.

ஏழாம் கட்டிலில் சின்னமனூரைச் சேர்ந்த உபாத்தியாயர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றவர், குடலிறக்கச் சிகிச்சைக்கு வந்தவர். பல வருஷங்களுக்கு முன் க்ஷயரோகம் வந்து ஆறு மாத மருந்தில் குணமானவர். ஆரம்பித்த முதல் நாளே சிறுநீர் சிவப்பாகப் போயிற்றாம். "ரத்தம்தான் போகிறது என்று நினைத்துவிட்டேன். வீட்டில் சொன்னால் அழுவார்கள். இரண்டு நாள் மாத்திரையைக் கொல்லையில் போட்டுவிட்டேன். மருந்து கொடுக்க வந்த அம்மாள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். 'ஐயா, அது மாத்திரையோட சாயம். உள்ளே வேலை செய்யுதுன்னு அடையாளம்' என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் சார் என்னைப் பிழைக்க வைத்தது. அவள் வராமல் போயிருந்தால் நான் பயந்தே செத்திருப்பேன்" என்றார்.

இதைக் கேட்டதும் நமக்குச் சேத்துப்பட்டு நினைவு வந்தது. சென்னையில் 1956-ஆம் ஆண்டில் க்ஷயரோகச் சிகிச்சைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் அங்கே ஏற்பட்டது. க்ஷயரோகம் என்றால் மலைக்காற்றும், தனி அறையும், பாலும் முட்டையும் வேண்டும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நகரத்தின் நெருக்கடியான வீடுகளில் வசித்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை ஸானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றொரு பாதிக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், குடிசையில் இருந்தவர்களும் ஸானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய சமமாகவே குணமடைந்திருந்தார்கள். இந்த முடிவு 1959-இல் வெளியாகி, உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றிற்று.

ஆனால் அந்த நிலையத்தார் வேறொன்றும் கண்டார்கள். மனிதர்கள் மாத்திரையைச் சாப்பிடாமலே சாப்பிட்டதாகச் சொல்வார்கள்! ஆகையால் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைப் பரிசோதித்தார்கள். கடைசியில், கண்முன்னே மருந்தைக் கொடுத்து விழுங்கச் செய்யும் முறையைக் கைக்கொண்டார்கள். பிற்காலத்தில் தேசங்கள் பலவும் பின்பற்றிய அந்த முறை வளர்ந்த இடங்களில் நம் சேத்துப்பட்டு முதன்மையானது. மருந்து பாதி, மருந்தைக் கொண்டுவந்து நாலு வார்த்தை பேசுகிற மனிதர் பாதி என்பதே அதன் சாரம்.

மூன்றாம் நாள் நமது காயத்தைப் பற்றிய "கல்ச்சர்" அறிக்கை வந்தது. சீழை எடுத்துக் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்க்கும் பரீட்சை அது. நம் பள்ளிக்கூடத்து மார்க்குப் பட்டியலைப் போலவே இருந்தது. மருந்துகளின் பெயருக்கு எதிரே சில இடங்களில் எஸ், பல இடங்களில் ஆர். எஸ் என்றால் கிருமி பணியும். ஆர் என்றால் பணியாது. நாம் சாப்பிட்ட மாத்திரையின் பெயருக்கு எதிரே ஆர் போட்டிருந்தது.

"நாம் பாதியில் நிறுத்தியதால்தானே இப்படி ஆயிற்று, டாக்டரம்மா?" என்று குற்றவாளியைப் போலக் கேட்டோம்.

அந்த இளம் டாக்டர் சிரித்தார். "அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது ஐயா. இந்தக் கிருமி முதலிலேயே அந்த மருந்துக்குப் பணியாததாக இருந்திருக்கலாம். நீங்கள் ஒருவர் செய்ததல்ல. ஊர் முழுக்க வேண்டாத இடத்தில் இந்த மருந்தைச் சாப்பிடுகிறோம். ஒவ்வொரு தடவையும் பலவீனமான கிருமி சாகிறது, பலமுள்ளது மிஞ்சுகிறது. மிஞ்சியது பெருகி அடுத்த வீட்டுக்குப் போகிறது. உங்கள் காலுக்கு அது யார் வீட்டிலிருந்து வந்ததோ?" என்றார்.

"அப்படியானால் பாதியில் நிறுத்தினால் பாதகமில்லையா?"

"எத்தனை நாள் என்பது நோய்க்கு நோய் மாறும். முன்னே நீண்ட நாள் கொடுத்த சில வியாதிகளுக்கு இப்போது குறைந்த நாளே போதும் என்று தெரிந்திருக்கிறது. க்ஷயரோகத்துக்கோ மாதக்கணக்கில் வேண்டும். அதைக் கணக்குப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. வலி நின்றுவிட்டதே என்று நீங்கள் கணக்கை முடிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் வந்து கேளுங்கள்."

வந்து கேட்பது! எவ்வளவு சுலபமான காரியம். நமக்கு ஏனோ தோன்றவேயில்லை.

நமக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெரியவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். வைகை அணையில் மீன் பிடிக்கிறவர். அறுபது வயதிருக்கும். சர்க்கரை வியாதி உள்ளவர். ஒரு நாள் வலையிலிருந்து ஜிலேபி மீனை எடுக்கும்போது அது துள்ளி விழுந்து, அதன் செதில்முள் அவர் காலில் ஏறிவிட்டது. புண்ணாயிற்று. மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார், இரண்டு நாளில் புண் ஆறுவது போல் இருந்தது, நிறுத்திவிட்டார். மறுபடி சீழ் வைத்தது. காலியான மாத்திரைப் பட்டையைக் கடையில் காட்டி, "இதே மாதிரி நாலு குடுப்பா" என்று வாங்கினார். இப்படி நாலைந்து தடவை. கடைசியில் பாதம் கறுக்க ஆரம்பித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருடைய அறிக்கையில் ஏறக்குறைய எல்லா வரியிலும் ஆர்தான். பணியும் மருந்தாக மிஞ்சியிருந்தவை ஒன்றிரண்டு. அதையும் நரம்பு வழியே ஏற்றினார்கள். கால் தங்குமா, போய்விடுமா என்பது பத்து நாள் வரையில் யாருக்கும் தெரியவில்லை. இரவில் அவர் மனைவி கட்டிலின் கீழே படுத்துக்கொண்டு, போர்வைக்கு வெளியே தெரிந்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தூக்கம் வராத ஓர் இரவில் பெரியவர் அணையைப் பற்றிப் பேசினார். அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. ஆற்றங்கரையில் உள்ளவர்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும். "சின்ன வயசிலேர்ந்து பாக்குறேங்கய்யா. ஒரு தடவகூட மூணாவது எச்சரிக்கைக்கு அப்புறம் ஆத்துக்குள்ள நின்னதில்ல. தண்ணியைப் பத்தி அம்புட்டுப் பயம் எனக்கு. இந்தக் காலு மட்டும் எத்தனை தடவ எச்சரிச்சுச்சு! நான் ஆத்துக்குள்ளயே உக்காந்திருந்தேன்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் தூங்கின பிறகும் நாம் தூங்கவில்லை. அவர் ஒருவர்தானா ஆற்றுக்குள் உட்கார்ந்திருந்தவர்? ஊரே உட்கார்ந்திருக்கிறதே என்று தோன்றியது.

முதல் எச்சரிக்கை எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தோம். பூஞ்சக்காளானிலிருந்து பெனிசிலின் உண்டாவதை 1928-இல் கண்ட அலெக்ஸாண்டர் பிளெமிங்கே அதை விடுத்தார். 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றுக்கொண்டு பேசியபோது, அவர் ஒரு சிறு கதை சொன்னார். ஒருவன் தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கி, போதாத அளவு சாப்பிடுகிறான். சாகாத கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. பழகிய கிருமி அவன் மனைவிக்குத் தொற்றுகிறது; அவளுக்கு அந்த மருந்து பலிக்கவில்லை; இறந்துபோகிறாள். இந்த மரணத்துக்குக் காரணம் யார் என்று கேட்டார் பிளெமிங். மருந்து உலகத்துக்கு வந்து சில வருஷமே ஆகியிருந்த சமயத்தில் கேட்ட கேள்வி இது!

இரண்டாவது எச்சரிக்கை 2010-இல் வந்தது. மிகக் கடைசியாகக் கையாளும் மருந்துகளுக்கும் பணியாத கிருமிகளைச் சென்னையிலும் ஹரியானாவிலும் இங்கிலாந்திலும் கண்டதாக வைத்திய சஞ்சிகை ஒன்றில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. அந்தச் சக்தியைக் கொடுக்கும் பொருளுக்குப் புது தில்லியின் பெயரை வைத்திருந்தார்கள். நம் நாட்டில் பெரிய கோபம் கிளம்பிற்று. எதன் மேல் என்றால், பெயரின் மேல்! நம் தலைநகரத்தின் பெயரைக் கிருமிக்கு வைக்கலாமா என்ற கோபம் நியாயமானதே. ஆனால் பெயரை மாற்றினால் கிருமி பணிந்துவிடுமா? அதை உணர்ந்த வைத்தியர்கள் 2012-இல் சென்னையில் கூடி, இந்த மருந்துகளைக் கட்டுப்பாடாக உபயோகிக்கும் வழிகளைப் பற்றி ஒரு பிரகடனம் செய்தார்கள். 2014-ஆம் ஆண்டு முதல், முக்கியமான பல ஆன்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடையில் பதிந்து வைக்க வேண்டும் என்ற விதி கடுமையாயிற்று. மாத்திரைப் பட்டையின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோட்டைப் பற்றி 2016-இல் அரசாங்கம் பிரசாரம் செய்தது. கோடு போட்ட மருந்தைச் சீட்டில்லாமல் வாங்காதே என்பது அதன் பொருள். நம் மாத்திரைப் பட்டையிலும் அந்தக் கோடு இருந்தது. ஏதோ அலங்காரத்துக்காகப் போட்டது என்று நாம் நினைத்திருந்தோம்.

மூன்றாவது எச்சரிக்கை எண்களாக வந்தது. மருந்துக்குப் பணியாத கிருமிகள் நேரடியாகக் காரணமாகி 2019-ஆம் ஒரே ஆண்டில் உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் மாண்டார்கள் என்று 2022-இல் வெளியான கணக்குச் சொல்லிற்று. 69 அடி தாண்டிவிட்டது.

இந்த மருந்தே இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு ஆக்ஸ்போர்டு நகரத்துப் போலீஸ்காரர் ஒருவரே சாட்சி. முகத்தில் வந்த புண் உடம்பெல்லாம் பரவி அவர் சாகக் கிடந்தபோது, 1941 பிப்ரவரியில் அவருக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். ஆச்சரியமாகத் தேறினார். ஆனால் உலகத்தில் இருந்த மருந்தே கொஞ்சம்தான். அவர் சிறுநீரில் கழிந்த மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே செலுத்தினார்கள். அப்படியும் போதவில்லை. மருந்து தீர்ந்துபோயிற்று, மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தார். அவருக்கு மேற்கொண்டு சில நாள் மருந்து கிடைக்கவில்லை. நாம் ஒரு நாள் மருந்தை இழுப்பறையில் போட்டோம். அடுத்த வீட்டுத் தும்மலுக்கு ஒடித்துக் கொடுக்கிறோம்.

பெரியவருக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பிற்று. நாம் விடைபெற்றுக்கொண்ட அன்று அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து காட்டினார்.

தமக்கையார் வீட்டுக்குத் திரும்பியதும் முதல் காரியமாக மேஜை இழுப்பறையைத் திறந்தோம். இரண்டு மாத்திரைகளும் சாவிகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தன. தமக்கையார் அருகில் வந்து நின்றார். சற்றுத் தயங்கிவிட்டு, "தம்பி, உன்கிட்டச் சொல்ல வேணாம்னு இருந்தேன். அன்னிக்கு நீ பிள்ளைக்கு மாத்திரை குடுத்தியே, ராத்திரி அவனுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. ஒதடு வீங்கிருச்சு. டாக்டர் வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஊசி போட்டதும் அடங்கிருச்சு. உனக்கே காய்ச்சலா இருந்துச்சு, சொன்னா வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்" என்றார்.

நமக்குக் காலில் இருந்த வலியெல்லாம் அப்போதுதான் வலியாகத் தோன்றவில்லை. சாதாரண ஜலதோஷத்துக்கு இந்த மருந்தால் எள்ளளவும் பிரயோஜனமில்லை. அது வேறு ஜாதிக் கிருமி. பிரயோஜனமில்லாத மருந்தை, ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாத குழந்தைக்கு, காசு வீணாகிறதே என்ற தர்மசிந்தனையால் நாமே ஊட்டியிருக்கிறோம். உதட்டோடு நின்ற வீக்கம் தொண்டைக்குள் போயிருந்தால்?

அன்று மாலை பையனையும் அழைத்துக்கொண்டு, ஊசி போட்ட டாக்டரிடம் போனோம். அந்த மருந்தின் பெயரைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கினோம். பெனிசிலின் வம்சத்தைச் சேர்ந்த மருந்து இந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று அந்தச் சீட்டில் இருக்கிறது. மிச்சமிருந்த இரண்டு மாத்திரைகளையும் அவரிடமே ஒப்படைத்தோம்.

பிறகு நாம் பஸ்ஸைப் பற்றி நினைக்காமல் நமது புதிய மருந்தைக் குறித்து மூன்று கேள்விகள் கேட்டோம்: இது எதற்கு? எத்தனை நாளைக்கு? ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்ய வேண்டும்? டாக்டர் மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

இப்போது தினம் இரவு மாத்திரை வேளையில் அந்தப் பையன் நம் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறான். பட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணுகிறான். "தாத்தா, இன்னும் மூணு இருக்கு. நிறுத்திறாதீங்க" என்கிறான். அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே நாம் விழுங்குகிறோம்.